பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கை உயர்த்துவதற்கு முன் கணக்கைப் பார்க்க முடியாதா?

வலிகாமத்துப் பெற்றோர்:

எங்கள் பிள்ளைகள் படிப்பது யாழ்ப்பாணத்தின் வலிகாமம் கல்வி வலயத்திலுள்ள ஒரு மாகாணப் பாடசாலையில். பாடசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன். இது ஒரு பாடசாலையின் குறை அன்று என்பதை இங்குள்ள பெற்றோர் பலர் அறிவார்கள்.

அண்மையில், பெற்றோரும் ஆசிரியரும் அங்கம் வகிக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடைபெற்றது. பொருளாளர் கொப்பியை விரித்துச் சென்ற ஆண்டின் வரவு செலவை வாசித்தார். ஒலிபெருக்கி இரைந்தது. பின்வரிசையில் நின்ற எங்களுக்குத் தொகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்தனவே தவிர, எந்தத் தொகை எதற்கானது என்று பிடிபடவில்லை. அதன் பிறகு, நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒரு விடயமாக, மதிலைத் திருத்தி முகப்பு வளைவு ஒன்று கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. மதிப்பீட்டுத் தொகை வாயால் சொல்லப்பட்டது. ஒரு குடும்பம் செலுத்த வேண்டிய பங்கும் வாயால் சொல்லப்பட்டது. ஒருவர் முன்மொழிந்தார், மற்றொருவர் வழிமொழிந்தார், கைகள் உயர்ந்தன. தரம் மூன்று வகுப்புகளுக்கு அருகிலுள்ள மலசலகூடத்தின் கதவுகள் உடைந்து கிடப்பதைப் பற்றிக் கேட்க எழுந்த ஒரு தாய்க்கு, அது அடுத்த கூட்டத்தில் பேசப்படும் என்று பதில் கிடைத்தது.

என்னை எழுதத் தூண்டியது இதற்குப் பின் நடந்ததுதான். மண்டபத்து வாசலில் வரவுக்காக எங்களிடம் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். கூட்டறிக்கையில் 'சமுகமளித்த அனைவரும் ஏகமனதாக அங்கீகரித்தனர்' என்று எழுதப்பட்டு, அதற்குச் சான்றாக அந்த வரவுத்தாளே இணைக்கப்பட்டிருந்தது. வந்ததற்கு வைத்த கையொப்பம் சம்மதத்துக்கு வைத்த கையொப்பமாகிவிட்டது.

அதிபரையோ பொருளாளரையோ நான் ஐயுறவில்லை. பணம் ஒரு சதமும் பிசகாமல் செலவாகும் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும், எது முதலில் வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையைப் பெயரளவில் எங்களிடம் தந்துவிட்டு, தீர்மானிப்பதற்கு வேண்டிய விபரத்தைத் தராமல் விடுவது நியாயமா? கூட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னர், கையிருப்பு எவ்வளவு, கேட்கப்படும் செலவு எவ்வளவு, அதே பணத்தில் வேறு எதைச் செய்யலாம் என்ற விபரம் கொண்ட ஒற்றைத் தாளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடியாதா? மற்றப் பாடசாலைகளில் என்ன வழக்கம் இருக்கிறது என்பதை அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற அதிபர், வடமராட்சி:

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதிபரின் நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரிவதையும் சொல்ல வேண்டும்.

முதலில், பாடசாலைக்குப் பணம் எத்தனை வழியால் வருகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. ஆசிரியர் சம்பளம் பாடசாலையின் கைக்கு வருவதே இல்லை. மாகாணக் கல்விச் செலவின் பெரும்பங்கு அதுதான், அதைப் பற்றிப் பாடசாலை மட்டத்தில் எவரும் வாக்களிப்பதில்லை. கற்றல் கற்பித்தலுக்கான பொருள்களை வாங்குவதற்குத் தர உள்ளீட்டு நிதி வரும். அது மாணவர் தொகையையும் பாடசாலையின் அளவையும் கொண்டு கணிக்கப்படுவது, எதற்குச் செலவிடலாம் என்ற வரையறையோடு வருவது. கட்டடங்களுக்கு மாகாணத்தின் அபிவிருத்தி நன்கொடையிலிருந்தோ மத்திய அமைச்சின் திட்டங்களிலிருந்தோ ஒதுக்கீடு கிடைக்கும். வசதிகள் சேவைகள் கட்டணம் என்று பிள்ளைகளிடம் பெறும் சிறு தொகை ஒன்று உண்டு. இவற்றுக்குப் பிறகுதான் அபிவிருத்திச் சங்கத்தின் சந்தாவும் நன்கொடையும், பழைய மாணவர் சங்கத்தின் பணமும் வருகின்றன. பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துவது இந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டுமே.

அடுத்தது, கூட்டத்துக்கான வருகை. பதவிவழித் தலைவர் என்ற முறையில் நான் நடத்திய கூட்டங்களுக்கு, புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் வருவார்கள். புதிதாகத் தரம் ஒன்றில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் வருவார்கள். மற்றவர்களைக் காண்பது அரிது. நிறைவெண் சேராமல் கூட்டத்தை ஒத்திவைத்த அனுபவம் ஒவ்வோர் அதிபருக்கும் உண்டு. தாளை ஒரு வாரத்துக்கு முன் அனுப்பினால் அதை வாசித்துவிட்டு வருவோரின் தொகை கூடும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அந்தத் தாள் முதலில் ஊரிலுள்ள ஒப்பந்தகாரர் கைக்கும், கோவில் நிருவாகத்தில் தோற்றுப்போய்ப் பாடசாலையில் கணக்குத் தீர்க்க வருகிற இரண்டு மூன்று பேரின் கைக்கும் போகும் என்பது எனது அச்சம். மதிப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே வெளியிட்டால், விலைக்கோரல் தருபவர் எல்லோரும் அந்தத் தொகைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பார்கள்.

மலசலகூடக் கதவு முகப்பு வளைவுக்கு முந்தியது என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. வளைவுக்குப் பணம் தருவோர் கிடைப்பார்கள், கதவுக்குக் கிடைக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

தீவக ஆசிரியை:

அதிபர் ஐயா அவர்கள் வருகைக் குறைவைச் சொன்னார்கள். வந்தவர்கள் ஏன் பேசுவதில்லை என்பதை நான் சொல்ல வேண்டும்.

கை உயர்த்தும் கூட்டத்தில் மேடையில் அதிபர் இருக்கிறார். பக்கத்தில் வகுப்பாசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். கீழே இருக்கும் தாயின் பிள்ளை நாளைக் காலை எங்கள் முன்னால்தான் உட்காரப் போகிறது. 'எதிர்ப்பவர்கள் கையை உயர்த்துங்கள்' என்று கேட்டால் எந்தத் தாய் உயர்த்துவாள்? நாங்கள் பிள்ளையை வேறாகப் பார்க்கமாட்டோம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. ஏகமனதாக நிறைவேறிய தீர்மானங்களில் எத்தனை இந்தப் பயத்தால் ஏகமனதாயின என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தந்தையர் பலர் கடலுக்குப் போய்விடுவார்கள், கூட்டத்துக்கு வருவது தாய்மாரே. நிருவாகக் குழுவின் பட்டியலைப் பார்த்தால் முக்கிய பதவிகளில் ஆண்களே இருப்பார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நடைமுறையில் அங்கும் குறைகள் இருக்கும். ஆனாலும், பிள்ளையை மலசலகூடத்துக்கு அனுப்பப் பயப்படுகிற தாய் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், வளைவு முதலாவதாக வந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு சிறிய பாடசாலையில் கண்ட வழக்கம் ஒன்றை எழுதுகிறேன். அலுவலக யன்னலுக்கு வெளியே, பிள்ளைகளை விட வரும் பெற்றோர் நிற்கும் இடத்தில், ஓர் அறிவித்தல் பலகை இருந்தது. சங்கப் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு பொருளின் பற்றுச்சீட்டுப் பிரதியும் அதில் குத்தப்பட்டிருக்கும்: சுண்ணாம்பு, பூட்டு, நீர்க்குழாய், தையற்காரருக்குக் கொடுத்த திரைச்சீலைக் கூலி. கீழே மீதித் தொகை பெரிய இலக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒருநாள் ஒரு தாய் பூட்டின் விலையைப் பார்த்துவிட்டு, தன் தம்பியின் கடையில் அது மலிவு என்று வந்து சொன்னார். அடுத்த முறை அங்கே வாங்கினோம். கூட்டத்தில் ஒரு சொல்லும் பேசாதவர் அவர்.

சாவகச்சேரித் தகப்பன்:

பெரிய பணத்தை விட்டுவிட்டுச் சில்லறைப் பணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. வடமாகாண சபைக்கு 2013 செப்ரெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. சபை இருந்த காலத்தில் கைதடியிலுள்ள சபையில் பாதீட்டு (வரவு செலவுத் திட்ட) விவாதம் நடக்கும், எந்த வலயத்துக்கு எவ்வளவு என்று உறுப்பினர்கள் கேட்பார்கள், மறுநாள் பத்திரிகையில் வரும். நல்ல விவாதமோ கூடாத விவாதமோ, எங்கள் காதுக்கு எட்டியது. அதன் பின்னர் மாகாணத்தின் வரவு செலவு ஆளுநரின் அங்கீகாரத்தோடு நடைபெறுகிறது. எந்தப் பாடசாலைக்கு மாடிக் கட்டடம், எந்தப் பாடசாலைக்குக் கூரைத் தகடு என்று தீர்மானிக்கப்படும் இடத்தில் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட மாகாண உறுப்பினர் ஒருவரும் இல்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் பேசப்படுகிறது என்பார்கள். அங்கே பெற்றோருக்கு இருக்கை இல்லை.

மாநகர சபையின் பாதீடு இரண்டாம் முறையும் தோற்றால் முதல்வரின் பதவியே போகும் என்பதை 2020 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் பார்த்தோம். கல்விப் பணத்துக்கு அப்படியொரு வாக்கெடுப்பு எங்கள் கண்முன் நடப்பதில்லை. ஆகவே, முகப்பு வளைவைப் பற்றிக் கேட்பதோடு மாகாண சபைத் தேர்தலையும் சேர்த்துக் கேளுங்கள்.

வலிகாமத்துப் பெற்றோர்:

அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆயினும் மாகாண சபை திரும்பி வரும் வரைக்கும் பாடசாலை மட்டத்தில் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. எங்கள் கையால் கொடுக்கும் பணத்துக்கே கணக்கைக் கேட்டுப் பழகாதவர்கள், மாகாணப் பணத்துக்குக் கணக்குக் கேட்கத் துணிவார்களா?

நியூயோர்க்கில் வசிக்கும் பழைய மாணவன்:

நான் வசிக்கும் மாநிலத்தில் பாடசாலைப் பாதீட்டுக்கு ஊர்மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்காக அன்று, விபரம் முன்கூட்டியே கைக்கு வருவது வாக்கை எப்படி மாற்றுகிறது என்பதைக் காட்டுவதற்காக இதை எழுதுகிறேன்.

நியூயோர்க் மாநிலத்தில் ஆண்டுதோறும் மே மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமையில் பாடசாலை மாவட்டங்களின் பாதீடு வாக்குக்கு விடப்படுகிறது. நியூயோர்க் நகரம், பஃபலோ, றொச்செஸ்ரர், சிராக்கியூஸ், யொங்கேர்ஸ் ஆகிய ஐந்து பெருநகரங்களுக்கு மாத்திரம் இந்த வாக்கெடுப்பு இல்லை. வாக்களிப்புக்கு 7 நாள் முதல் 14 நாள் வரை முன்னதாகப் பகிரங்க விசாரணைக் கூட்டம் ஒன்று நடத்தப்பட வேண்டும். பாதீட்டை நிருவாகம், கற்பித்தல், மூலதனம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நிருவாகத்துக்குப் போகும் பணத்தைக் கற்பித்தலுக்குள் மறைக்க முடியாது. அந்தப் பாதீடு பாடசாலைகளிலும் நூலகங்களிலும் இணையத்திலும் கிடைக்கும், சுருக்கம் வீட்டுக்குத் தபாலில் வரும். சொத்துவரி எவ்வளவு கூடும் என்பதும், பாதீடு தோற்றால் என்ன நடக்கும் என்பதும் அதில் இருக்கும்.

தோற்றால் என்ன நடக்கும் என்பதுதான் முக்கியமானது. ஜூன் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை அதே பாதீட்டையோ திருத்திய பாதீட்டையோ இன்னொரு முறை வாக்குக்கு விடலாம். அதுவும் தோற்றால், சென்ற ஆண்டின் வரித்தொகைக்கு மேல் ஒரு சதமும் உயர்த்தாமல் அத்தியாவசியச் செலவுகளுக்கு மட்டுமான ஒரு தற்செயல் பாதீட்டோடு நடத்த வேண்டும். 2011இல் கொண்டுவரப்பட்ட சட்டம் வரி உயர்வுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. இரண்டு சதவீதம் அல்லது பணவீக்கம், இவற்றில் எது குறைவோ அதையொட்டிக் கணிக்கப்படும். அந்த எல்லையைத் தாண்டக் கேட்டால் சாதாரண பெரும்பான்மை போதாது, 60 சதவீதம் வேண்டும். எனவே பாடசாலைச் சபை கேட்பதற்கு முன்பே யோசித்துக் கேட்கிறது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. வாக்களிக்க வருவோர் தொகை குறைவு. பிரசாவுரிமை இல்லாத பெற்றோருக்கு வாக்கில்லை, பிள்ளையே இல்லாத வீட்டுக்காரருக்கு வாக்குண்டு. பணம் படைத்த ஊரின் பாடசாலைக்கும் ஏழை ஊரின் பாடசாலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்த வாக்கு தீர்ப்பதில்லை, சில வேளை கூட்டவும் செய்கிறது. ஊர்ப்பணத்தில் பாடசாலை நடக்கும் இடமெங்கும் இந்தக் கஷ்டம் இருக்கும். 1945இல் வந்த இலவசக் கல்வி எங்களை அதிலிருந்து பெருமளவுக்குக் காத்தது என்பதை வெளிநாட்டில் இருந்துதான் நான் நன்றாக உணர்ந்தேன்.

எனவே வாக்கெடுப்பை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அந்த ஒழுங்கில் எங்களுக்கு உடனடியாக வேண்டியது, வாக்கின் நாளுக்கும் விபரம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் சட்டத்தால் வைக்கப்பட்ட இடைவெளி. 'இல்லை' என்று சொன்னால் என்ன ஆகும் என்பது முன்பே எழுதப்பட்டிருப்பதும் வேண்டும். 'இல்லை' என்று சொன்னால் பாடசாலைக்குத் துரோகம் செய்ததாகும் என்ற நிலை இருக்கும் வரைக்கும் அது வாக்கு ஆகாது.

ஓய்வுபெற்ற கணக்காய்வு உத்தியோகத்தர்:

அதிபர் ஐயா அவர்கள் சொன்ன விலைக்கோரல் அச்சம் உண்மையானது. அதற்குத் தீர்வும் உண்டு. சங்கத்தின் கையிருப்பையும், திட்டத்துக்கு ஒதுக்கக் கேட்கும் உச்சத் தொகையையும், பெற்றோரிடம் எதிர்பார்க்கும் பங்கையும் முன்கூட்டியே வெளியிடலாம். சீமெந்து எத்தனை மூடை, கம்பி எத்தனை கிலோ, ஒவ்வொன்றின் அலகு விலை என்ன என்ற பொறியியல் மதிப்பீட்டை விலைக்கோரல்கள் திறக்கப்படும் வரை மூடி வைத்து, திறந்த பிறகு எல்லா விலைக்கோரல்களையும் ஒப்பிட்ட தாளோடு சேர்த்துப் பலகையில் போடலாம். பெற்றோருக்கு வேண்டியது முதலாவது, ஒப்பந்தகாரருக்குப் பயன்படுவது இரண்டாவது. இரண்டையும் சேர்த்து மூடி வைப்பதற்குக் காரணம் இல்லை.

கணக்காய்வு நடக்கிறதே, பிறகேன் பெற்றோருக்குக் கணக்கு என்று கேட்கும் அதிபர்களை எனக்குத் தெரியும். கணக்காய்வாளர் பார்ப்பது, பற்றுச்சீட்டு இருக்கிறதா, காசோலையில் உரியவர்கள் ஒப்பமிட்டார்களா, பொருள் இருப்பேட்டில் ஏறியிருக்கிறதா, தீர்மானம் கூட்டறிக்கையில் இருக்கிறதா என்பவற்றையே. வளைவு வேண்டுமா கதவு வேண்டுமா என்று கணக்காய்வாளர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. வளைவுக்கான ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் அவர் சரி என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் குறிப்பிட்ட அந்த வரவுத்தாள் ஆபத்தாக மாறுவது இங்கேதான். கணக்காய்வாளரின் மேசைக்கு அது சம்மதத்தின் சான்றாக வந்து சேரும். ஆகையால் வரவுக்கு ஒரு தாளும், தீர்மானத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று எண்ணிக்கை பதிந்த வேறொரு தாளும் இருக்க வேண்டும். இதற்குச் சுற்றறிக்கை ஒன்றும் தேவையில்லை; செயலாளர் மனம் வைத்தால் போதும்.

தகவலுக்கான உரிமைச் சட்டத்தைப் பற்றி ஒருவரும் இன்னும் எழுதவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கத்தால் முழுமையாகவோ பகுதியாகவோ நிதியளிக்கப்படும் கல்வி நிறுவனங்களும் அதன் கீழ் தகவல் தரக் கடமைப்பட்ட பகிரங்க அதிகாரசபைகளே. எழுத்தில் கேட்டால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில் நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

அதே சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் ஒன்றையோ, வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் ஒன்றையோ தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னர், பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அதன் விபரத்தை அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அது சொல்கிறது. சங்கப் பணத்தில் கட்டும் மதிலுக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. அரச பணத்தில் எழும் இரண்டு மாடிக் கட்டடத்தைப் பற்றிக் கேட்பதற்கு அது உறுதியான அடிப்படை. அரசுக்கு மூன்று மாதம் என்று சட்டம் எழுதியிருக்கும்போது, ஒரு சங்கத்திடம் ஒரு வாரம் கேட்பது மிகையான கோரிக்கை அன்று.

வெளியிடுவதால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. உகண்டாவில் 1991 முதல் 1995 வரையான காலத்தில் ஆரம்பப் பாடசாலைகளுக்கென்று மத்திய அரசு மாணவர் தொகைக்கேற்ப அனுப்பிய நன்கொடையில் சராசரியாக 13 சதவீதம் மாத்திரமே பாடசாலைகளைச் சென்றடைந்தது ஆய்வில் தெரியவந்தது. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பது பத்திரிகைகளில் வெளியிடப்பட்டது. பாடசாலைகளும் தமக்கு வந்த தொகையைச் சுவரில் ஒட்ட வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் சென்றடைந்த பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. அக்காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தமையால் முழுப் பயனையும் பத்திரிகையின் கணக்கில் எழுத முடியாது. ஆனால், எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்த தலைமையாசிரியர் கேட்டார், தெரியாதவர் கேட்கவில்லை என்பது அந்த ஆய்வில் தெளிவாகவே வெளிப்பட்டது.

ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவி:

முகப்பு வளைவுக்குப் பணம் கிடைக்கும், கதவுக்குக் கிடைக்காது என்று அதிபர் ஐயா எழுதிய வரி என்னைக் குத்தியது, ஏனென்றால் அந்தப் பணத்தைத் தருபவர்கள் நாங்கள்தான்.

வெளிநாட்டுக் கிளைகளில் இராப்போசன விருந்தும் கலைநிகழ்வும் வைத்துச் சேர்க்கும் பணம் ஊருக்கு வரும்போது, எதற்கு என்ற முடிவு இங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. வைபர் குழுமத்தில் வளைவின் படம் ஒன்று வரும், எல்லோரும் கும்பிடு போடுவார்கள், தொகை சேர்ந்துவிடும். மதிலின் மீதிச் செலவு மட்டும் பெற்றோரின் தலையில் விழும். அப்போதுதான் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தக் கேட்பார்கள். வலிகாமத்துப் பெற்றோர் எழுதிய கூட்டமும் அவ்வாறுதான் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பாதிப் பணம் வந்துவிட்டது என்று சொன்ன பிறகு மறுப்பதற்கு எவருக்கு மனம் வரும்?

இன்னொன்று: தகவல் உரிமை இலங்கைப் பிரசைகளுக்கு உரியது. பிரசாவுரிமையை விட்டுவிட்ட எங்களில் பலர் அந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது. ஒரு சங்கம் கேட்பதானாலும் உறுப்பினரில் முக்கால் பங்கினராவது பிரசைகளாக இருக்க வேண்டும். பணம் கொடுப்பவருக்குச் சட்டப்படி கேள்வி கேட்கும் வழி இல்லை, அந்த வழி உள்ள பெற்றோருக்குப் பணம் எங்கிருந்து எவ்வளவு வந்தது என்று தெரியாது. இரு தரப்பும் சேர்ந்தாலன்றி முழுக் கணக்கு எவர் கண்ணிலும் படாது. நன்கொடைக்கு நாங்கள் ஒரு நிபந்தனை விதிக்கலாம்: இந்தத் திட்டத்தைப் பெற்றோர் விபரம் அறிந்து ஏற்றார்கள் என்ற கூட்டறிக்கையின் பிரதி, வாக்கின் எண்ணிக்கையோடு வந்த பிறகே பணம் அனுப்பப்படும். எங்கள் கிளையின் அடுத்த கூட்டத்தில் இதை நான் முன்மொழிவேன். கதவுக்குப் பணம் கேட்டு எவரும் எங்களிடம் வந்ததில்லை. கேட்டால் தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், பெயர்ப்பலகை இல்லாமலே.

ஓய்வுபெற்ற அதிபர், வடமராட்சி:

தங்கச்சி எழுதியதைக் கட்டாயம் செய்யுங்கள். இந்த மண்ணில் பாடசாலைகள் ஊர்ப்பணத்தில் எழுந்தவை. 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பாடசாலைகளை நிறுவியபோதும், மிஷன் பாடசாலைகள் நடந்தபோதும், கொடுத்தவர் கை உயர்ந்தும் படித்தவர் கை தாழ்ந்துமே இருந்தன. 1960, 61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னரும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. கொடையாளியைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்றே நானும் பல அதிபர்களும் நடந்துகொண்டோம். கொடையாளியே கேள்வியைக் கேட்கச் சொன்னால் அதிபருக்கு ஒரு பெரும் பாரம் குறையும்.

கணக்காய்வு ஐயா சொன்ன பிரிப்பையும் ஏற்கிறேன். உச்சத் தொகையை முன்பு சொல்லலாம், அலகு விலையைப் பின்பு சொல்லலாம். ஆனால் தாளைத் தயாரிக்கும் வேலையை அதிபரின் தலையில் கட்ட வேண்டாம். இலிகிதர் இல்லாத பாடசாலைகள் பல இருக்கின்றன. பெற்றோரில் கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் பொருளாளரோடு அமர்ந்து எழுதட்டும்.

வலிகாமத்துப் பெற்றோர்:

எல்லோருக்கும் நன்றி. இங்கு எழுதப்பட்டவற்றைக் கொண்டு செயலாளருக்குக் கொடுப்பதற்கு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறேன். அதன் சாரம் இது.

பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்னர் ஒரு தாள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். அதில் சங்கத்தின் வங்கி மீதி, கேட்கப்படும் திட்டத்தின் உச்சத் தொகை, நன்கொடையாகக் கிடைப்பது எவ்வளவு, பெற்றோரிடம் எதிர்பார்ப்பது எவ்வளவு, அந்தப் பங்கு விருப்பத்தின் பேரிலானது என்ற வாசகம், திட்டம் ஏற்கப்படாவிட்டால் என்ன செய்யப்படும் என்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். அதே தாளின் கீழ்ப்பகுதியில், பெற்றோர் தமக்கு முக்கியமாகப்படும் தேவையை எழுதிக் கிழித்துப் பெட்டியில் போட இடம் விட வேண்டும். ஏழு நாள் அறிவித்தல் இல்லாத செலவுத் தீர்மானம் எதுவும் 'ஏனைய விடயங்கள்' என்ற தலைப்பில் எடுக்கப்படக் கூடாது. கூரை பறந்தது, கிணறு இடிந்தது போன்ற அவசரத் தேவைகள் மட்டும் விலக்கு. வரவுத்தாள் வேறு, வாக்குப் பதிவு வேறு.

தகவல் உரிமை விண்ணப்பத்தை இப்போது போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் சங்கத்தின் உறுப்பினர்கள் என்ற முறையில் கேட்போம். உறுப்பினருக்கு உரியதைச் சட்டத்தைக் காட்டித்தான் பெற வேண்டும் என்ற நிலை வருமாயின், அப்போது விண்ணப்பிப்போம். ஆசிரியை அவர்களிடம் ஒரு கேள்வி: கடிதத்தில் நான் மட்டும் ஒப்பமிட்டால் போதுமா, அல்லது பலரிடம் வாங்குவதா?

தீவக ஆசிரியை:

பலரிடம் வாங்குங்கள். ஒவ்வொரு தரத்திலிருந்தும் இருவராவது, அவர்களில் ஒருவராவது தாயாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பங்களை வரிசையாக இடாமல் வட்டமாக இடுங்கள்; முதலில் ஒப்பமிட்டவர் யார் என்ற பேச்சு எழாது. மலசலகூடக் கதவைக் கேட்ட அந்தத் தாயிடம் முதலில் போய், கடிதத்தை வாசித்துக் காட்டி, ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

தாளின் கீழ்ப்பகுதியைப் போடும் பெட்டியை அதிபரின் அறைக்கு முன்னால் வைக்க வேண்டாம். வாசலில், காவலாளியின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தால், பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் எவரும் நின்று நிதானிக்காமல் போட்டுவிட்டுப் போகலாம். பெட்டியைத் திறக்கும்போது பெற்றோர் இருவர் உடனிருக்கட்டும்.